மழை விட்டாச்சு, மீன் ஏன் கடிக்கவில்லை?

கேள்வி: மலை ஆற்றில் தூண்டில் போடுவது என் பல வருடப் பழக்கம். இரண்டு நாள் கனமழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில் போனேன். நல்ல வெயில். ஆனால் தண்ணீர் செம்மண் கரைசல் போல ஓடியது. மாலைவரை ஒரு கடிகூட இல்லை. மூன்று நாள் கழித்து அதே இடத்தில் என் நண்பர் நிறையப் பிடித்திருக்கிறார். ‘புதுத்தண்ணியில் மீன் நன்றாகக் கடிக்கும்’ என்று பெரியவர்கள் சொல்வது பொய்யா? மழைக்குப் பிறகு எத்தனை நாள் காத்திருக்க வேண்டும்?

பதில்: பொய் இல்லை. ஆனால் அந்தப் பேச்சில் இரண்டு வேறு நேரங்கள் கலந்துவிடுகின்றன. ஒன்று, தண்ணீர் ஏறத் தொடங்கும் நேரம். கரை மண்ணிலிருந்து புழுவும் பூச்சியும் ஆற்றில் அடித்து வரப்படுவதால் மீன்கள் ஆவலாக இரை எடுக்கும். அது கொஞ்ச நேரம்தான். அப்புறம் சேறும் சருகும் வந்து எல்லாம் அடங்கிவிடும். மற்றொன்று, வெள்ளம் வடிந்து தண்ணீர் தெளியத் தொடங்கும் நேரம். உங்கள் நண்பருக்குக் கிடைத்தது இதுதான். நீங்கள் போனது இரண்டுக்கும் நடுவில்.

கலங்கலில் மீன் ஏன் கடிப்பதில்லை? கண்ணால் பார்த்து இரை பிடிக்கும் மீனுக்கு அதில் எதுவும் தெரியாது. நுண்மண் செவுளை உறுத்தும். நடு ஆற்றின் இழுப்பை எதிர்த்து நின்றால் தின்பதைவிடச் செலவழிக்கும் பலம்தான் அதிகம். அதனால் அது ஒதுங்கிவிடும், ஆனால் ஆற்றை விட்டுப் போய்விடாது. பெரிய பாறையின் பின்புறம், வளைவின் உள்பக்கம், கரையை ஒட்டி நீர் மெதுவாகச் சுற்றும் இடம், தெளிந்த ஓடை வந்து சேரும் வாய் என்று இழுப்பு குறைந்த இடங்களில் நிற்கும். சாதாரண நாளில் கணுக்கால் தண்ணீர்கூட இல்லாத கரையோரத்தில் வெள்ள நாளில் நல்ல மீன் நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். வழக்கமான மடுவிலேயே நாள் முழுக்கத் தூண்டில் போட்டிருந்தீர்கள் என்றால், மீன் இல்லாத இடத்தில் போட்டிருக்கிறீர்கள்.

எத்தனை நாள் என்று ஒரு எண் சொன்னால் அது உங்களை ஏமாற்றும். செங்குத்தான பாறை மலையில் மழைநீர் ஊற இடமில்லை; ஓடை சட்டென்று ஏறும், மழை விட்டதும் சில மணி நேரத்திலேயே இறங்கவும் செய்யும். பல ஓடைகள் சேர்ந்த கீழ் ஆற்றுக்கு நாள்கணக்காகும். காடு அடர்ந்த சரிவிலிருந்து வரும் நீர் சீக்கிரம் தெளியும். மண் சரிந்த இடமோ வெட்டிப்போட்ட நிலமோ மேலே இருந்தால் கலங்கல் லேசில் போகாது. அதனால் முதலில் மேல்பகுதிச் சிற்றோடைகளைப் பாருங்கள், பிறகு கீழே வாருங்கள்.

நாளை எண்ணுவதைவிட நீரைப் பார்ப்பது மேல். நீர் விளிம்பில் ஒரு கல்லை வைத்துவிட்டுக் கால் மணி நேரம் கழித்துப் பாருங்கள். கல் நனையாமல் விளிம்பு விலகியிருந்தால் ஆறு இறங்குகிறது. வெள்ளைத் துணி கட்டிய குச்சியைக் கரையிலிருந்தபடியே தண்ணீரில் இறக்குங்கள். ஓர் அடி ஆழத்தில் துணி தெரிந்தால் தூண்டில் போடலாம். பால் கலக்காத டீ போன்ற பழுப்பு நிறத்துக்குப் பயப்பட வேண்டாம். அது இலைச் சாறு, சேறு இல்லை.

இன்னும் கொஞ்சம் கலங்கல் இருக்கும்போது மண்புழுதான் கைகொடுக்கும். அப்போது மீன், இரையின் வாசனையாலும், உடலின் இருபுறமும் ஓடும் பக்கக்கோடு என்ற உணர்வுக் கோட்டில் உணரும் அதிர்வாலும் அதைத் தேடும். செயற்கை இரை என்றால் பெரிதாக, கறுப்பாக, தண்ணீரில் அதிர்கிறதாக இருக்கட்டும். ஈயக்குண்டைக் கொஞ்சம் கூட்டி அடியோடு உருளவிடுங்கள். தரையை ஒட்டி நீர் வேகம் குறைவு, மீனும் அங்கேதான் இருக்கும். கோடையில் நீர் சூடேறியிருந்தால் மழை அதைக் குளிர வைக்கும். குளிர்ந்த நீரில் ஆக்சிஜன் அதிகம் கரையும் என்பதால், கோடை மழைக்குப் பிறகு தெளியும் நாள் தனி விசேஷம்.

ஏறும் தண்ணீரில் கிடைக்கும் அந்தக் கொஞ்ச நேரத்துக்கு ஆசைப்படாதீர்கள். இதை உங்களைக் கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன். ஒருமுறை நான் நடுப்பாறையில் நின்றிருந்தபோது, தலைக்கு மேல் வெயில் அடிக்க, என் காலடியில் நீர் நிறம் மாறியது. மழை பெய்தது எங்கோ மலை உச்சியில். கரைக்கு வந்து திரும்பிப் பார்த்தபோது அந்தப் பாறை தெரியவில்லை. நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது காலைத் தள்ளும் பலம் நான்கு மடங்காகும். முழங்கால் அளவு தண்ணீரே ஆளைச் சாய்த்துவிடும்.

திடீர்க் கலங்கல், மிதந்து வரும் சருகு, கற்கள் உருளும் உறுமல் இவற்றில் எதைக் கண்டாலும், கேட்டாலும், தூண்டிலை அங்கேயே விட்டுவிட்டு மேட்டுக்கு ஏறுங்கள். இடி கேட்டால் கார்பன் இழையால் செய்த தூண்டில் கோலைக் கீழே வைத்துவிடுங்கள், அது மின்சாரம் கடத்தும். ஓடிக்கொண்டிருந்த நீர் காரணமில்லாமல் சட்டென்று குறைந்தாலும் உடனே ஏறிவிடுங்கள். மேலே மண்சரிவோ விழுந்த மரங்களோ ஆற்றை அடைத்திருக்கலாம். அது உடையும்போது மொத்தத் தண்ணீரும் ஒன்றாக வரும்.