ராத்திரி ஸ்டியரிங்கைக் கொடுத்துவிட்டுப் படுக்கலாமா?

வாசகர் கேள்வி: எனக்கு உசிலம்பட்டி பக்கம். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் லாரி ஓட்டுகிறேன். கப்பலூரில் லோடு ஏற்றிக் கோட்டயம் வரை போவேன், சில நாள் தூத்துக்குடி ஹார்பர். புதிதாக ஹெவி லைசென்ஸ் எடுத்த பையன் ஒருத்தனை ஓனர் என்னோடு ஏற்றிவிட்டு, ‘சீக்கிரம் தனியா ஓட்டுற மாதிரி பழக்கிவிடு’ என்கிறார். நல்ல பையன்தான், ஆனால் ஓயாமல் கேள்வி கேட்கிறான், சத்தம் போட்டால் முகம் சுருங்கிப்போகிறது. எங்களை எல்லாம் அடித்துத்தான் பழக்கினார்கள். இவனை எப்படிப் பழக்குவது? ராத்திரியில் வண்டியை அவனிடம் கொடுத்துவிட்டு நான் கொஞ்சம் படுக்கலாமா?

பதில்: அண்ணே, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். படுக்க வேண்டாம். இப்போதைக்கு வேண்டவே வேண்டாம்.

அலுப்பு இருக்கும், தெரியும். அலுப்பாக இருந்தால் வண்டியை நல்ல இடமாகப் பார்த்து ஓரங்கட்டி இரண்டு பேருமே தூங்குங்கள். விடியற்காலை இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை பழகின டிரைவருக்கே கண் சொக்கும், எதிரில் வருகிறவன் ஹைபீமைப் போட்டுக்கொண்டு வந்தால் முன்னால் விளக்கில்லாமல் நிற்கிற டிராக்டர் கிட்டே போகிறவரை தெரியாது, அந்த நேரத்தில் லோடு வண்டியைப் புதுப் பையன் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் பின்னால் படுத்தால் அதற்குப் பெயர் பழக்குவது இல்லை, சம்பளம் குறைந்த ஒரு இரண்டாவது டிரைவரை வைத்து ட்ரிப் அடிப்பது. நிறைய வண்டியில் இதுதான் நடக்கிறது. உங்களை எழுப்பினால் திட்டுவீர்களோ என்று பயந்து அந்தப் பையன் தூக்கத்தை அடக்கிக்கொண்டே ஓட்டுவான், அதுதான் எனக்குக் கவலை.

அடுத்தது அவன் கேள்வி கேட்பது. கேட்கட்டும் அண்ணே, கேட்காமல் தலையாட்டுகிற பையன்தான் ஆபத்து. கார் லைசென்ஸ் எடுத்து ஒரு வருஷம் ஆனால்தான் ஹெவிக்கு எல்.எல்.ஆரே கிடைக்கும், ஆகவே அவனுக்குக் காரோ, குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டியோ ஓட்டின பழக்கம் இருக்கும். டிரைவிங் ஸ்கூலில் காலி லாரியைக் கொஞ்ச தூரம் ஓட்டியிருப்பான். மிதித்தால் வண்டி நிற்கும் என்று அவன் கால் நம்பிக்கொண்டிருக்கிறது. பத்து இருபது டன்னைப் பின்னால் வைத்துக்கொண்டு மிதித்தால் எங்கே போய் நிற்கும் என்று அவனுக்கு இன்னும் தெரியாது. அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

எப்படிச் சொல்வது? நீங்கள் ஓட்டும்போது வாய்விட்டுப் பேசிக்கொண்டே ஓட்டுங்கள். “அந்த பஸ் ஸ்டாப்பில் நிக்கும், பின்னாடி வர்ற பைக்குக்காரன் வெளியே ஒதுங்குவான், அதான் இப்பவே காலை எடுத்துட்டேன்.” இவ்வளவுதான். இத்தனை வருஷத்தில் உங்கள் கண் தானாகவே பார்க்கிற இடங்கள் அவனுக்குத் தெரியாது, நீங்கள் பேசாமல் ஓட்டினால் உங்கள் கையும் காலும் செய்வது மட்டும்தான் அவனுக்குத் தெரியும், ஏன் செய்தீர்கள் என்பது தெரியாது. அப்புறம் அவன் ஓட்டும்போது அவனைப் பேசச் சொல்லுங்கள். அவன் எதைப் பார்க்கவில்லை என்பது ஐந்து கிலோமீட்டரில் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

கோட்டயம் ரூட் என்கிறீர்களே, மலை இறக்கத்துக்கு மட்டும் தனியாக நேரம் ஒதுக்குங்கள். லோயர் கேம்ப்பில் இருந்து குமுளி ஏறுவதைப் பார்த்துத்தான் பையன்கள் பயப்படுவார்கள். ஏற்றத்தில் வண்டி திணறும், இன்ஜின் அணையும், அதோடு சரி. குட்டிக்கானம் தாண்டி முண்டக்கயம் இறங்கும்போதுதான் உயிர் போகிற விஷயம் இருக்கிறது. ஏறுகிற கியரில்தான் இறங்க வேண்டும் என்று எல்லா டிரைவரும் சொல்வோம், ஏன் என்று சொல்ல மாட்டோம். பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே இறங்கினால் டிரம்மும் லைனிங்கும் சூடேறிப் பிடிப்பு குறைந்துகொண்டே வரும், கருகின வாடை வரும்போது பாதி பிரேக் போயிருக்கும். சும்மா சும்மா மிதித்து மிதித்து விட்டால் பிரேக்குக்காக டேங்கில் இருக்கிற ஏரும் இறங்கும். அதனால் இன்ஜின்தான் வண்டியைப் பிடித்துக்கொண்டு இறக்க வேண்டும், பிரேக் இடையிடையே கைகொடுத்தால் போதும். கியரையும் இறக்கம் ஆரம்பிக்கும் முன்பே போட்டுவிட வேண்டும், நடு இறக்கத்தில் கியர் குறைக்கப்போய் விழாமல் போனால் வண்டி நியூட்ரலில் ஓடும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்குகிற ஆட்களை அவன் கட்டாயம் எங்காவது பார்ப்பான். அதற்கு முன்னால் உங்கள் வாயிலிருந்து அவனுக்கு இந்தக் காரணம் போய்ச் சேர்ந்திருக்கட்டும். முதல் தடவை நீங்கள் இறக்குங்கள், அவன் ஏர் கேஜைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வரட்டும்.

ஊருக்குள் வண்டி திருப்புவதற்கு ஒரு வழி சொல்கிறேன். கப்பலூரில் லோடுக்காகக் காத்து நிற்கும்போது அவனை டிரைவர் சீட்டில் உட்காரவைத்துவிட்டு நீங்கள் வண்டியைச் சுற்றி நடங்கள். எங்கெங்கே நீங்கள் கண்ணாடியில் காணாமல் போகிறீர்கள் என்று அவன் சொல்லட்டும், இடது பக்கமும் பம்பருக்கு முன்னாலும் ஆளே மறைந்துவிடுவதைப் பார்த்தால் அவனே மிரண்டுபோவான். மதுரைக்குள் சிம்மக்கல்லிலோ தெற்குவாசலிலோ இடது பக்கம் திரும்பும்போது பின் சக்கரம் உள்ளே வெட்டுகிற அந்த இடைவெளியில்தான் ஸ்கூட்டர்காரர் நுழைகிறார். ரிவர்ஸ் எடுக்கும்போது சந்தேகம் வந்தால் இறங்கிப் பார்த்துவிட்டு எடு என்று சொல்லுங்கள். பின்னால் எத்தனை வண்டி ஹாரன் அடித்தாலும் இறங்கலாம் என்று நீங்களே சொல்லியிருந்தால்தான் அவனுக்குத் தைரியம் வரும்.

சத்தம் போடுவது பற்றி. வண்டி ஓடும்போது உங்களிடம் பிரேக் கிடையாது, ஸ்டியரிங் கிடையாது, வாய் ஒன்றுதான் இருக்கிறது, அதைத் திட்டுவதற்குச் செலவழித்தால் ஆபத்து வரும்போது நீங்கள் கத்துவதையும் அவன் இன்னொரு திட்டு என்றுதான் நினைப்பான். “மெதுவா”, “நிறுத்து” இந்த இரண்டு வார்த்தைக்கு மட்டும் கேள்வி கேட்காமல் உடனே செய்ய வேண்டும் என்று கிளம்பும் முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். மற்ற தப்பை எல்லாம் டீக்கடையில் நிறுத்தியபிறகு சொல்லலாம். அடி வாங்கியும் நீங்கள் நல்ல டிரைவர் ஆனீர்கள், சரி. உங்களோடு சேர்ந்து அடி வாங்கியவர்களில் எத்தனை பேர் ஸ்டியரிங்கே வேண்டாம் என்று திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் கம்பெனி வேலைக்குப் போனார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

சமைக்கிறது, துணி துவைக்கிறது, வண்டி கழுவுகிறது எல்லாவற்றையும் அவன் தலையில் கட்டாதீர்கள். ட்ரிப்புக்குக் கிடைக்கிற பேட்டாவில் அவன் பங்கு எவ்வளவு என்று முதல் நாளே ஓனர் முன்னால் பேசிவிடுங்கள். தார்ப்பாய் கட்டுவது, கயிறு இறுக்குவது, டயரைத் தட்டிப் பார்ப்பது, இதெல்லாம் சேர்ந்து செய்தாலே வந்துவிடும். எடைச்சீட்டைப் படிக்க மட்டும் உட்கார்த்திச் சொல்லிக்கொடுங்கள், ஓவர்லோடுக்கு 20,000 ரூபாய் அபராதம், அதற்கு மேல் கூடுதலாக இருக்கிற ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 என்று 2019 திருத்தத்தில் சட்டம் வந்திருக்கிறது. இந்த லோடை எடுக்க மாட்டேன் என்று சொல்ல அவனுக்கு இந்த வயதில் வாய் வராது. உங்களுக்கு வரும். நீங்கள் சொல்வதை அவன் பக்கத்தில் நின்று கேட்கட்டும்.

ஸ்டியரிங்கை எப்போது கொடுப்பது என்றால், தூத்துக்குடியிலிருந்து காலியாகத் திரும்பும்போது பகலில் கொடுங்கள், அருப்புக்கோட்டை வழி நான்கு வழிச்சாலை, பழக நல்ல ரோடு. அது சரியானதும் பகலில் லோடோடு, பிறகு ஆண்டிபட்டி கணவாய், பிறகு குமுளி ஏற்றம். மலை இறக்கம் அதற்கெல்லாம் பிறகு. ராத்திரி ஓட்டம் வரும்போதும் முதலில் முன்னிரவில், நீங்கள் பக்கத்து சீட்டில் முழித்திருக்க வேண்டும்.

ஓனரிடம் ஒன்றைத் தெளிவாகப் பேசிவிடுங்கள். பழக்குகிற காலத்தில் ட்ரிப் கொஞ்சம் தாமதமாகத்தான் முடியும், லோடு கொடுக்கிற பார்ட்டியிடம் அதற்கேற்ற நேரம் சொல்லச் சொல்லுங்கள். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே நாளுக்கு 8 மணி நேரம், தொடர்ந்து 5 மணி நேரம் வேலை பார்த்தால் அரை மணி ஓய்வு என்று வைத்தது, நீங்கள் புதிதாக எதுவும் கேட்கவில்லை. முடியாது, பழைய டைமிலேயே லோடு இறங்க வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தால், பழகின இரண்டாவது டிரைவரையும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். அதுவும் இல்லை என்றால் அந்த ட்ரிப்பில் பையனுக்கு ஸ்டியரிங் கிடையாது என்று சொல்லிவிட்டு, அவனைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசிக்கொண்டே நீங்கள் ஓட்டுங்கள், தூக்கம் வந்தால் நிறுத்துங்கள்.