சித்தியும் சிம்மாசனமும்

வணக்கம் சார்,

நான் செம்பூரில் இருக்கிறேன். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். எங்கள் வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு மராத்தி சரித்திரத் தொடர் ஓடும். சிவாஜி மகாராஜா காலமான பிறகு ராய்காட் கோட்டையில் நடக்கும் வாரிசுச் சண்டை இப்போது போய்க்கொண்டிருக்கிறது. என் மாமியார் மும்பைக்கு வந்து நாற்பது வருஷம் ஆகிறது, மராத்தி அத்துப்படி. ஒரு எபிசோடு விடமாட்டார். பக்கத்து வீட்டுக் காகூவும் வந்து உட்கார்ந்துவிடுவார்.

அதில் சோயராபாய் என்று ஒரு ராணி. மூத்தாள் மகன் சம்பாஜியை ஒதுக்கிவிட்டுத் தன் பிள்ளை ராஜாராமைப் பட்டத்தில் உட்கார வைக்கச் சதி செய்கிறாள். தினம் ஒரு விஷக் கிண்ணம், தினம் ஒரு ரகசியப் பேச்சு. அவள் திரையில் வந்தாலே ஒரு மாதிரி இசை போடுகிறார்கள். "சித்தின்னா அப்படித்தான்" என்பார் அத்தை. என்னை மனதில் வைத்துச் சொல்வதில்லை, அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் சார், நான் இந்த வீட்டுக்கு இரண்டாம் தாரமாக வந்தவள். மூத்த பையன் அக்கா பெற்றவன், பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறான். சின்னவள் நான் பெற்றவள். அவன் என்னைச் சித்தி என்றுதான் கூப்பிடுவான். அந்த ராணி வரும்போது ஏதோ வேலை இருக்கிற மாதிரி நான் அடுப்படிக்குப் போய்விடுகிறேன்.

போன வாரம் சின்னவள் கேட்டாள்: "அம்மா, நிஜமாவே அவங்க அவ்வளவு கெட்டவங்களா?" எனக்குப் பதில் தெரியவில்லை. நடந்தது என்ன என்று எழுதுவீர்களா?

ஒரு வாசகி, செம்பூர்

*

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் அடுப்படி வரியைத் தாண்ட எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அதனால் உங்கள் மகளுக்கான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சோயராபாய் தன் மகனைப் பட்டத்தில் உட்கார வைத்தது உண்மை. அதற்காகக் கணவரின் சாவுச் செய்தியை வெளியே போகாமல் அடைத்ததும் உண்மை. அவர் சித்தி என்பதால்தான் இதெல்லாம் நடந்தது என்று அந்தத் தொடர் சொல்கிறதே, அதைத்தான் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சம்பாஜி பிறந்தது 1657இல். தாய் சயீபாய் 1659இல் போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளையை வளர்த்தது பாட்டி ஜீஜாபாய். சோயராபாய்க்கு ராஜாராம் பிறந்தது 1670இல். 1674 ஜூன் 6ஆம் தேதி ராய்காட்டில் சிவாஜி முடிசூடியபோது அவரோடு பட்டத்து ராணியாக அபிஷேகம் பெற்றவர் சோயராபாய். அதே சடங்கில் யுவராஜாவாக இருந்தவர் சம்பாஜி. பட்டத்து ராணியின் மகனுக்கா, யுவராஜாவுக்கா? சிவாஜி இறந்தபோது அந்தச் சிம்மாசனத்துக்கு வயது ஆறுகூட ஆகவில்லை. அதில் இரண்டாவது ஆள் எப்படி உட்கார வேண்டும் என்பதற்கு முன்னுதாரணமே கிடையாது. மூத்தவனுக்குத்தான் என்று எல்லோரும் கட்டுப்படும் ஏற்பாடும் இல்லை.

இன்னொன்றையும் தொடர்கள் மென்று விழுங்கிவிடுகின்றன. 1678 கடைசியில் சம்பாஜி தந்தையை விட்டுப் பிரிந்து முகலாயத் தளபதி திலீர் கானிடம் போய்ச் சேர்ந்தார். மறுவருஷம் திரும்பி வந்தார். ஆனால் ராய்காட்டுக்கு இல்லை, பன்ஹாளாக் கோட்டையில் வைக்கப்பட்டார். 1680 ஏப்ரல் 3ஆம் தேதி தந்தை இறந்தபோதும் அங்கேதான் இருந்தார். இப்படிப்பட்டவரை நம்பி ராஜ்யத்தைக் கொடுக்கலாமா என்று மந்திரிகள் தயங்கியதற்குக் காரணம் இருந்தது. அண்ணாஜி தத்தோவும் மோரோபந்த் பிங்ளேயும் சிவாஜியின் ராஜ்யத்தைக் கணக்கும் வரியும் கோட்டையுமாகக் கட்டி எழுப்பியவர்கள். சம்பாஜி வந்தால் தங்கள் கை தாழும் என்று அவர்களுக்குத் தெரியும். பத்து வயதுப் பிள்ளை ராஜாவானால் ஆட்சி நடத்தப்போவது யார்? அவர்களேதான். தொடரில் இந்த மந்திரிகள் ராணியின் பின்னால் கூனி மாதிரி நிற்கிறார்கள். கைகேயி கதையை அப்படியே தூக்கி ராய்காட்டில் வைத்துவிட்டார்கள். கதை சொல்ல அது சுலபம். நடந்தது மந்திரிகளுக்கும் யுவராஜாவுக்கும் ரொம்ப நாளாக இருந்த பகை. ராணி அதில் ஒரு பக்கம் சேர்ந்தார்.

விஷக் கிண்ணம் பற்றிக் கேட்கிறீர்கள். அன்றைக்கு நம் மும்பையில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் சூரத்துக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். சிவாஜி பன்னிரண்டு நாள் படுக்கையில் கிடந்து இரத்தபேதியால் இறந்ததாகச் சொல்கிறார்கள் என்று அதில் இருக்கிறது. இறந்து 23 நாள் ஆகிவிட்டது என்றும் இருக்கிறது. அந்தக் கடிதத்தில் விஷத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நிச்சயமான செய்தி மும்பைக்கு வர மூன்று வாரத்துக்கு மேல் ஆகியிருக்கிறது, பாருங்கள். ராய்காட்டின் கதவுகளை எவ்வளவு இறுக்கிச் சாத்தியிருக்க வேண்டும்!

நான் அந்தக் கோட்டைக்குப் போயிருக்கிறேன். கோவா ரோட்டில் மஹாட் வரை போய், அங்கிருந்து பாசாட். ஜீஜாபாயின் சமாதி அங்கே மலையடிவாரத்தில் இருக்கிறது. ரோப்வேயில் மேலே ஏறினால் வரிசையாக ஆறு அரண்மனைகளின் அடித்தளங்கள். ராணிவாசம் என்றார் வழிகாட்டி. சுவர் இல்லை, கூரை இல்லை, முழங்கால் உயரத்துக்குக் கல் வரிசை, நடுவில் புல். ஒரு வீட்டு வாசலில் நின்றால் அடுத்த வீட்டு வாசல் தெரிகிறது. அப்புறம் ராஜசபைக்குக் கூட்டிக்கொண்டு போனார். எங்களைச் சிம்மாசனம் இருந்த இடத்தின் பக்கம் நிற்கச் சொல்லிவிட்டு, அவர் தூரத்தில் நகார்கானா என்ற முரசு மண்டப வாசலுக்குப் போய் ஒரு காகிதத்தைக் கிழித்தார். அந்தச் சத்தம் எங்களுக்குக் கேட்டது. வாசலில் முணுமுணுத்தாலும் சிம்மாசனத்துக்குக் கேட்கும்படி கட்டிய இடம் அது. அங்கே பதினெட்டு நாள் ஒரு சாவை மூடி மறைத்து, ஏப்ரல் 21ஆம் தேதி ஒரு சிறுவனைப் பட்டத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள். கோட்டைக் காவலர், கஜானாக்காரர், எழுத்தர், புரோகிதர் என்று எத்தனை பேர் வாயைக் கட்டியிருக்க வேண்டும்! ஒரு பெண் தனியாகச் செய்யக்கூடிய காரியமா இது?

இந்தக் கதையில் என்னை உலுக்குகிற ஆள் வேறு ஒருவர். சேனாபதி ஹம்பீர்ராவ் மோஹிதே. சோயராபாயின் கூடப் பிறந்தவர், அதாவது ராஜாராமுக்குத் தாய்மாமன். நம் பக்கத்தில் தாய்மாமன் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காது குத்துவதிலிருந்து கல்யாணம் வரை மடியும் சீரும் அவருடையது. சம்பாஜியைப் பிடிக்க மந்திரிகள் பன்ஹாளா நோக்கிக் கிளம்பியபோது, தங்கை மகன் ராஜாவாகிறான், மாமன் துணைக்கு வராமலா போவார் என்றுதான் நம்பியிருப்பார்கள். ஹம்பீர்ராவ் படையோடு வந்து அந்த மந்திரிகளையே பிடித்துக் கட்டி, சம்பாஜியின் முன் கொண்டுபோய் நிறுத்தினார். அன்றைக்கே வழக்கு முடிந்தது. ஜூன் மாதம் சம்பாஜி ராய்காட்டுக்குள் நுழைந்தார். ஔரங்கசீப் எந்த நேரமும் தெற்கே இறங்கலாம் என்ற நிலையில், சண்டை தெரிந்த 23 வயதுக்காரன் வேண்டும், பத்து வயதுப் பிள்ளை போதாது என்று அவர் நினைத்திருப்பார் என்பது என் எண்ணம். தொடரில் அவருக்கு இரண்டு காட்சி கொடுத்திருந்தால் அதிகம். எனக்கு அது பெரிய ஆதங்கம்.

சம்பாஜி முதலில் யாரையும் கொல்லவில்லை. மந்திரிகளை மன்னித்துப் பதவியும் கொடுத்தார். 1681இல் மறுபடி சதி நடந்தபோதுதான் அண்ணாஜி தத்தோ, பாலாஜி ஆவ்ஜி சிட்னிஸ் முதலியவர்களுக்கு மரண தண்டனை விதித்தார். அதே வருஷம் சோயராபாயும் இறந்தார். ராஜாராம் மேல் சம்பாஜி கை வைக்கவில்லை.

இந்தக் கதையை எழுதி வைத்தவர்கள் யார் என்றும் பார்க்க வேண்டும். சிவாஜியைப் பற்றிய முதல் பகர், அதாவது மராத்தி வரலாற்று நூல், எங்கே எழுதப்பட்டது தெரியுமா? நம் செஞ்சியில்! 1690களில், ராஜாராமின் ஆணைப்படி, சபாசத் என்பவர் எழுதினார். தம்பியின் சபையில் உட்கார்ந்து அண்ணனைப் பற்றி எழுதியது. சம்பாஜியை ரொம்பக் கெட்டவராகக் காட்டிய இன்னொரு பகரை எழுதியவர், 1681இல் தண்டிக்கப்பட்ட பாலாஜி ஆவ்ஜியின் வழியில் வந்தவர். நூற்றிருபது வருஷத்துக்கு மேல் கழித்து எழுதினார். அதனால் ரொம்ப காலம் இந்தக் கதையில் சம்பாஜிதான் வில்லன். பின்னால் வந்தவர்கள் அவருடைய வீரத்தையும், 1689இல் ஔரங்கசீப்பின் கையில் அவர் பட்ட கொடூரச் சாவையும் எடுத்துக்காட்டி அந்தக் கறையைத் துடைத்தார்கள். அது நியாயமான வேலை. ஆனால் காலியான வில்லன் நாற்காலியில் சோயராபாயை உட்கார வைத்துவிட்டார்கள்.

சிவாஜிக்கு எட்டு மனைவியர் என்பார்கள். அப்படியானால் சம்பாஜிக்குச் சித்திகள் எத்தனை பேர்? மற்ற யாரையும் நாம் சதிகாரி என்று சொல்வதில்லையே. இன்னொரு கணக்கும் போடுங்கள். அதே காலத்து டெல்லியில் ஷாஜகானின் பிள்ளைகள் தாரா, ஷூஜா, ஔரங்கசீப், முராத் நால்வரும் மும்தாஜ் மகாலின் வயிற்றில் பிறந்தவர்கள். அங்கே சித்தி எங்கே வந்தாள்? 1658இல் ஔரங்கசீப் தந்தையைச் சிறை வைத்தார், அடுத்த வருஷம் அண்ணன் தாராவைக் கொன்றார். உங்கள் அத்தையிடமும் காகூவிடமும் இதைச் சொல்லிப் பாருங்கள்.

கடைசியாக, எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு ராணி. தொடர் அங்கே வர இன்னும் கொஞ்ச நாள் ஆகும். யேசுபாய், சம்பாஜியின் மனைவி. 1689 மார்ச்சில் கணவர் கொல்லப்பட்டார். ராய்காட்டை முகலாயர் நெருங்குகிறார்கள். அவர் கையில் சொந்த மகன் ஷாஹு, ஏழு வயது நிரம்பவில்லை. அந்தப் பிள்ளையின் பெயரால் தானே ஆட்சி நடத்தியிருக்கலாம். யேசுபாய் அப்படிச் செய்யவில்லை. ராஜாராமைத் தலைமைக்கு வரச் சொன்னார், கோட்டையை விட்டுத் தப்பிப் போகச் சொன்னார். ஆமாம், சோயராபாயின் மகன் அதே ராஜாராமைத்தான்! தான் பிள்ளையோடு கோட்டையிலேயே நின்றார். அந்த வருஷமே ராய்காட் விழுந்தது. பிள்ளை விடுதலையானது ஔரங்கசீப் இறந்த 1707இல். யேசுபாய்க்கு 1719 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சிறையில் முப்பது வருஷம். அதே அரண்மனை, அதே இரண்டு தாயார் வழி, இடையில் ஒன்பதே வருஷம்.

ராஜாராம் மாறுவேஷத்தில் கன்னட நாடு வழியாகத் தப்பினார். கெளதி நாட்டு ராணி சென்னம்மா அடைக்கலம் கொடுத்தார். வந்து சேர்ந்த இடம் செஞ்சி. 1690இல் தொடங்கிய முகலாய முற்றுகை 1698 வரை இழுத்தது. அந்தக் கூடாரங்களுக்குள்ளேயும் ஒரு வாரிசுச் சதி நடந்தது. ஔரங்கசீப் இறந்துவிட்டார் என்று வதந்தி கிளம்ப, அவருடைய கடைசி மகன் காம் பக்ஷ் ரகசியமாக ராஜாராமோடு பேச்சு நடத்தினான். தளபதி ஜுல்ஃபிகர் கானும் அவன் தகப்பன் ஆசத் கானும் அந்த இளவரசனையே பிடித்துக் காவலில் வைத்தார்கள். டெல்லிச் சிம்மாசனத்துக்கான சூது நம் விழுப்புரம் மாவட்டத்துப் பாறைகளுக்கு நடுவே நடந்திருக்கிறது. இதை எந்தத் தொடரும் விரிவாகக் காட்டி நான் பார்த்ததில்லை.

பையனுக்குப் பரீட்சை முடிந்து ஊருக்குப் போகும்போது ஒரு நாள் விழுப்புரத்தில் இறங்குங்கள். செஞ்சிக்குப் பஸ் இருக்கிறது. ராஜகிரிக் கோட்டைக்குக் காலையிலேயே ஏறிவிட வேண்டும், வெயில் வந்தால் பாறை கால் வைக்க விடாது. தண்ணீர் பாட்டிலைப் பெரியவன் தூக்கட்டும். குரங்குகள் உண்டு, சின்னவளின் கையில் தின்பண்டம் கொடுக்காதீர்கள்.