ஆறு சல்லடைகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தூக்குத் தண்டனையில் நிரபராதிகளும் சிக்குகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். செஷன்ஸ் கோர்ட், ஹைகோர்ட், சுப்ரீம் கோர்ட், அதே கோர்ட் தன் தீர்ப்பை மறுபடி பார்க்கக் கேட்கும் சீராய்வு மனு, அதுவும் தள்ளுபடியானால் போடும் க்யூரேட்டிவ் மனு, கடைசியில் குடியரசுத் தலைவர். இத்தனை சல்லடைகளைத் தாண்டியும் ஒரு நிரபராதி தூக்குமேடை வரை போக முடியுமா?

கே., கும்பகோணம்

அன்புள்ள கே.,

ஒரே கண் அளவுள்ள சல்லடையில் ஆறு தடவை சலித்தாலும், முதல் தடவை நழுவிய கல் ஆறாவது தடவையும் நழுவத்தான் செய்யும். சாட்சியின் முகம் பார்த்துக் கேட்பவர் செஷன்ஸ் நீதிபதி மட்டுமே. மேலே உள்ளவர்கள் படிப்பது கேஸ் கட்டை. மரண தண்டனையை ஹைகோர்ட் உறுதிசெய்தாக வேண்டும் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 366, இப்போதைய சட்டத்தில் 407). கூடுதல் சாட்சியம் எடுக்கவும் அதற்கு அதிகாரம் உண்டு. ஆனால் அந்த அதிகாரம் அபூர்வமாகத்தான் வெளியே வருகிறது.

மகாராஷ்டிரத்தின் நாசிக் மாவட்ட வழக்கைப் பாருங்கள். 2003 ஜூன் 5 இரவு ஒரு குடும்பத்தில் ஐந்து பேர் கொல்லப்பட்டார்கள். நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஆறு பேருக்கு 2006ல் விசாரணை நீதிமன்றம் தூக்கு விதித்தது. 2007ல் ஹைகோர்ட் மூவருக்கு அதை ஆயுளாகக் குறைத்தது. 2009 ஏப்ரல் 30 அன்று சுப்ரீம் கோர்ட், குறைத்ததும் தவறு என்று சொல்லி, ஆறு பேருக்கும் தூக்கு என்றது. பத்து வருடம் கழித்து, 2019 மார்ச் 5 அன்று, அதே சுப்ரீம் கோர்ட் ஆறு பேரையும் விடுதலை செய்து, தலைக்கு 5 லட்சம் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அவர்களில் ஒருவர் சம்பவத்தின்போது சிறுவன்.

இடையில் புதிய சாட்சி யாரும் வரவில்லை. உயிர் தப்பிய பெண், சம்பவம் நடந்து இரண்டே நாளில், போலீஸ் ஆல்பத்திலிருந்து வேறு நான்கு பேரை அடையாளம் காட்டியிருந்தார். அந்த நால்வரையும் போலீஸ் கைது செய்யவில்லை. இது ஆரம்பத்திலிருந்தே கேஸ் கட்டில் கிடந்த விஷயம். மூன்று நீதிமன்றங்கள் அதைத் தாண்டிப் போயிருக்கின்றன. எனக்கு இதில் பயமூட்டுவது போலீஸின் தவறைவிட இதுதான்.

அடுத்த ஓட்டை மகஜர், அதாவது ஒரு பொருளைக் கைப்பற்றும்போது போலீஸ் எழுதும் ஆவணம். போலீசிடம் கொடுத்த வாக்குமூலம் செல்லாது என்பது பலருக்கும் தெரியும். ஆனால் அதன் மூலம் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், கண்டெடுப்புக்குக் காரணமான அந்தப் பகுதி மட்டும் செல்லும். "அவனைக் குத்திய கத்தியை என் வீட்டுக் கூரையில் ஒளித்து வைத்திருக்கிறேன், எடுத்துத் தருகிறேன்" என்று ஒருவர் சொன்னதாக வைத்துக்கொள்வோம். கூரையில் கத்தி இருப்பது அவருக்குத் தெரியும் என்பது வரைதான் சாட்சியம். "அவனைக் குத்திய" என்ற சொற்களை வெட்டிவிட வேண்டும். பிரிட்டிஷ் ஆட்சியில் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரிவி கவுன்சில், 1946லேயே புலுகுரி கோட்டையா வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. கீழ்க் கோர்ட்டில் அந்தச் சொற்களும் சேர்ந்தே நுழைந்துவிடுகின்றன. சொன்னதாகச் சொல்லப்படும் வாசகமே மகஜரில் இல்லாத வழக்குகளும் உண்டு.

வக்கீல் விஷயம் இன்னும் மோசம். மத்தியப் பிரதேசம் கண்ட்வாவில் 2013ல் ஒரு வழக்கு. இலவச சட்ட உதவி வக்கீல் நியமிக்கப்பட்ட அன்றே குற்றச்சாட்டு வனையப்பட்டது. இரண்டு வாரத்துக்குள் தூக்கு. கட்டைப் படித்து முடிக்கவே அவருக்கு நேரம் போதியிருக்காது. அந்தத் தீர்ப்பை ரத்து செய்த சுப்ரீம் கோர்ட், 2019 டிசம்பரில், இப்படிப்பட்ட வழக்குகளுக்குக் குறைந்தது பத்து வருட அனுபவமுள்ள வக்கீலும், தயாராகக் குறைந்தது ஏழு நாளும் வேண்டும் என்றது. ஏழு நாள்! மறுவிசாரணையிலும் தூக்குதான்; ஹைகோர்ட் அதையும் ரத்து செய்து திருப்பி அனுப்பிய பிறகே, 2024ல் அந்த இளைஞர் விடுதலையானார்.

சீராய்வு மனுவைப் பெரிதாக நினைக்கிறீர்கள். 2014 வரை தூக்கு வழக்கிலும் அது நீதிபதிகளின் அறைக்குள்ளேயே முடிந்துவிடும், வக்கீல் வாதாட முடியாது. இப்போது திறந்த கோர்ட்டில் வாதாடலாம், அதிகபட்சம் அரை மணி நேரம். கருணை மனுவில் குடியரசுத் தலைவர் சாட்சியத்தையும் எடைபோடலாம் என்று, இந்திரா காந்தி கொலையில் தூக்கு விதிக்கப்பட்ட கேஹர் சிங்கின் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. ஆனால் முடிவு அமைச்சரவையின் ஆலோசனைப்படிதான், கோப்பைத் தயாரிப்பது உள்துறை அமைச்சகம்.

அடுத்த முறை ஒரு தூக்குத் தீர்ப்பைப் படிக்கும்போது, முடிவுரைக்குப் போகாமல் முதலில் மூன்று தேதிகளைத் தேடுங்கள்: கைது, வக்கீல் நியமனம், அடையாள அணிவகுப்பு (பலர் நடுவே நிறுத்தப்பட்ட கைதியைச் சாட்சி அடையாளம் காட்டுவது). கைதுக்கும் அணிவகுப்புக்கும் இடையில் பேப்பரில் கைதானவரின் படம் வந்திருந்தால், சாட்சி அடையாளம் காட்டியது எந்த முகத்தை என்று கேட்டுப் பாருங்கள்.