மேட்டில் ஏறும் முள்

கேள்வி: என் டீசல் காருக்கு 17 வயது. ஊருக்குள் ஓட்டினால் ஒன்றுமில்லை. நெடுஞ்சாலையில் 90-ஐத் தாண்டினாலோ நீளமான மேடு ஏறினாலோ டெம்பரேச்சர் முள் சிவப்பை நோக்கிப் போகிறது, வேகத்தைக் குறைத்தால் இறங்கிவிடுகிறது. ஃபேன் மோட்டார், தெர்மோஸ்டாட் இரண்டையும் மாற்றியாயிற்று. இப்போது ஹெட் கேஸ்கட் (இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேலுள்ள ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் சீல்) போய்விட்டது என்கிறார் மெக்கானிக். இன்ஜினைப் பிரிக்கலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். ஃபேனுக்கு வேலையே வண்டி நிற்கும்போதும் ஊர்ந்து போகும்போதும்தான், 90-இல் எதிர்க்காற்றே போதும், அதனால் அந்த மோட்டார் செலவு வீண் என்றுதான் சொல்ல வேண்டும். டீசல் இன்ஜின் சும்மா ஓடும்போது அதிகம் சூடாகாது. சுமை ஏறும்போதுதான் அதன் சுயரூபம் தெரியும். உங்கள் வண்டியில் அந்தச் சூட்டை வெளியேற்ற முடியவில்லை, முதல் சந்தேகம் ரேடியேட்டர் மேல்தான்.

ஏசி கண்டன்சருக்கும் (ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் ஏசி வலை) ரேடியேட்டருக்கும் நடுவே டார்ச் அடித்துப் பாருங்கள். பல வருடத் தூசியும் பூச்சியும் கம்பளி மாதிரி அடைத்திருக்கும், முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது. உள்ளே அடைப்பு என்றால் வேறு: கூலன்ட்டுக்கு (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) பதில் வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டிய வண்டிகளில் குழாய்களில் உப்பு படிந்துவிடும். நல்ல சூட்டில் வண்டியை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு (சில ஃபேன்கள் தானாகச் சுற்றும், விரல் ஜாக்கிரதை), இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் ரேடியேட்டர் முழுக்க அளந்து பாருங்கள். நடுவில் திட்டுத்திட்டாகக் குளிர்ந்திருந்தால் அங்கே தண்ணீர் ஓடவில்லை.

சரி, கேஸ்கட்? அதற்குக் காசு செலவில்லாத சோதனை இருக்கிறது. காலையில் இன்ஜின் ஜில்லென்று இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து அழுத்தத்தை வெளியேற்றி, திரும்ப மூடி ஸ்டார்ட் செய்யுங்கள். ஓரிரு நிமிடத்தில், சூடே ஏறாத நிலையில், ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகினால் சிலிண்டரில் எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் போகிறது, மெக்கானிக் சொன்னது சரி. ஒழுகலே இல்லாமல் கூலன்ட் குறைவதும் அதே பக்கம்தான் கை காட்டும்.

மூடியையும் மாற்றிவிடுங்கள், மலிவான பொருள். 1 பார் அழுத்தம் தாங்கும் மூடி இருந்தால் தண்ணீர் ஏறத்தாழ 120 டிகிரியில்தான் கொதிக்கும், ஸ்பிரிங் தளர்ந்தால் 100-ஐ ஒட்டியே கொதித்துவிடும். சூட்டில் மட்டும் அதைத் திறக்கவே கூடாது.

இவ்வளவும் சரியாக இருந்தும் முள் ஏறினால் வாட்டர் பம்ப்பைக் கழற்றச் சொல்லுங்கள். துருப்பிடித்து இறக்கைகள் பாதி கரைந்திருக்கலாம்.