நீர்வடிப்பகுதி, விளைநிலம், இயற்கை வாழிடம்: எவற்றைக் கொண்டு கற்பிக்கலாம்?

நீர்வடிப்பகுதி (ஓர் ஓடைக்கு மழைநீர் வந்து சேரும் நிலப்பரப்பு), விளைநிலம், அந்தந்த மண்ணுக்குரிய உயிரினங்களின் வாழிடம் ஆகியவற்றின் பாதுகாப்பை மாணவர்களுக்கும் உழவர்களுக்கும் சொல்லித்தர நம்பகமான பாடப்பொருள்கள் எவை என்று கேட்டிருக்கிறீர்கள். களப்பயிற்சிகளில் நெடுங்காலமாக ஈடுபட்டு வருபவன் என்ற முறையில் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மூன்றையும் தொடர்பில்லாத தனித்தனிப் பாடங்களாகப் பிரித்துவைக்கும் கையேடு எதையும் நான் பரிந்துரைப்பதில்லை. மேட்டில் புல் அழிந்தால் மழைநீர் வேகமெடுத்து வயலின் மேல்மண்ணை அரித்துச் செல்கிறது. அந்த மண்ணே கீழே உள்ள நீர்நிலையைத் தூர்க்கிறது. இந்தச் சங்கிலியைக் கற்பவர் தம் கையாலேயே அளந்து பார்க்கும்படி செய்கிற பாடப்பொருளே பயன் தருகிறது.

ஆகவே நீர்வடிப்பகுதியின் எல்லையை வரைவதிலிருந்து தொடங்குங்கள். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடத்திலிருந்து ரேடார் மூலம் திரட்டப்பட்ட நில உயரத் தரவு, 30 மீட்டர் நுணுக்கத்தில் (ஏறத்தாழ 30 மீட்டருக்கு ஓர் உயர அளவு என) இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. கியூஜிஐஎஸ் என்னும் கட்டணமில்லா மென்பொருளில் அதை ஏற்றி, ஓடையின் ஓர் இடத்தைக் குறித்தால், எங்கெங்கு பெய்யும் மழை அங்கே வந்து சேர்கிறது என்பதை வரைந்துகொள்ளலாம். ஆனால் சாலையோரக் கால்வாயும் சிறு மதகும் நீரைத் திசைதிருப்புவது அந்த அளவிலான தரவில் தெரியாது என்பதால், வரைபடத்தை அச்சிட்டு எடுத்துக்கொண்டு, மழை பெய்யும்போதோ விட்டவுடனோ எல்லையான முகட்டுக்கோடு வழியே ஒருமுறை நடந்து திருத்த வேண்டும். இந்தத் திருத்தும் வேலையில்தான் மாணவர்கள் மிகுதியாகக் கற்கிறார்கள் என்பது என் அனுபவம்.

விளைநிலப் பகுதிக்கு, செலவே இல்லாத ஒரு சோதனையை எந்த நூலுக்கும் முன்பாக வைப்பேன். நெடுங்காலம் உழப்படாத வேலியோரத்திலிருந்து ஒரு மண்கட்டியையும், அதே மண்வகை கொண்ட, தொடர்ந்து உழப்படும் வயலிலிருந்து இன்னொன்றையும் எடுத்து, நிழலில் நன்றாக உலரவிடுங்கள். இரண்டு கண்ணாடிக் குவளைகளில் நீர் நிரப்பி, கம்பிவலைத் துண்டுகளைத் தொங்கவிட்டு, கட்டிகளை அவற்றின் மேல் மூழ்கும்படி வையுங்கள். உழவு வயலின் கட்டி பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே குமிழி விட்டுப் பொலபொலவென்று உதிர்ந்து நீரைக் கலக்கிவிடும். வேலியோரக் கட்டியோ நெடுநேரம் உருக்குலையாமல் நிற்கும். வேர்களும் பூஞ்சை இழைகளும் மட்கிய பொருள்களும் மண்துகள்களைப் பிணைத்து வைத்திருப்பதே இதற்குக் காரணம். அந்தப் பிணைப்பு இல்லாத மண், மழை விழுந்ததும் நுண்துகள்களாகச் சிதறி, தன் துளைகளைத் தானே அடைத்துக்கொள்வதால் நீர் உள்ளே இறங்காமல் வழிந்தோடுகிறது. ஒரு ஹெக்டேரில் 10 மில்லிமீட்டர் மழை என்பது 1,00,000 லிட்டர் நீர் என்று கணக்கிட்டுக் காட்டினால், அதில் எவ்வளவு ஓடுகிறது, எவ்வளவு இறங்குகிறது என்ற கேள்வியைப் பெரியவர்களே எழுப்புகிறார்கள்.

அடுத்த கட்டத்திற்கு, 1992இல் தொடங்கப்பட்ட வோகாட் என்னும் பன்னாட்டு வலையமைப்பின் தரவுத்தளம் மிக நல்லது. சமமட்ட வரப்பு (சரிவுக்குக் குறுக்கே ஒரே உயரத்தில் போடும் வரப்பு), கல்தடுப்பு, மூடுபயிர் (மண்ணை மூடிக் காக்க வளர்க்கும் பயிர்), மூடாக்கு (வைக்கோல், தழை போன்றவற்றால் மண்ணை மூடுதல்) என உலகெங்கும் நிலப் பயனாளர்கள் கையாளும் முறைகள், செலவு, ஆள்தேவை, நன்மை, குறை ஆகியவற்றுடன் ஒரே வடிவத்தில் அங்கே பதிவாகியுள்ளன. குறைகளையும் சொல்கிற பாடப்பொருள் அரிது. அதனாலேயே இதை மதிக்கிறேன். ஐ.நா. உணவு மற்றும் வேளாண் அமைப்பின் களக் கையேடுகளும் இலவசமாகக் கிடைக்கின்றன.

வாழிடம் பற்றிய பாடப்பொருள்களைத் தேர்ந்தெடுக்கும்போது மட்டும் மிகுந்த கவனம் தேவை. பாதுகாப்பு என்றாலே மரம் நடுதல் என்று முடித்துவிடும் பாடங்கள் ஏராளம். புல்வெளியும் புதர்நிலமும் தம்மளவில் முழுமையான வாழிடங்கள்; அவற்றில் மரக்கன்றுகளை அடர்த்தியாக நடுவது பல இடங்களில் உயிரினங்களையும் நீரையும் ஒருசேரக் குறைக்கிறது. தென்னாப்பிரிக்காவின் யோங்கர்ஸ்ஹுக் பள்ளத்தாக்கில் 1930களில் தொடங்கிய நீரியல் ஆய்வுகள், ஃபின்போஸ் எனப்படும் இயற்கைப் புதர்நிலத்தில் பைன் மரங்கள் வளர்க்கப்பட்டபின் ஓடைகளில் நீர்வரத்து குறைந்ததைக் காட்டின. அந்நாட்டு அரசு 1995இல், பரவும் அயல் தாவரங்களை அகற்றி நீர்வரத்தை மீட்பதற்கென்றே ஒரு திட்டத்தைத் தொடங்கியது. மாணவர்களிடம் விவாதிக்க இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டை நான் அறியேன்.

உயிரினங்களை அடையாளம் காண ஐநேச்சுரலிஸ்ட், பார்த்த பறவைகளைப் பதிவுசெய்ய ஈபேர்ட் ஆகிய இரண்டு இலவசச் செயலிகளும் போதும். ஓடைக்கல்லைப் புரட்டிப் பார்க்கவும் கற்றுக்கொடுங்கள். கல் ஈ, மே ஈ என்னும் பூச்சிகளின், நீரில் வாழும் இளம் உயிரிகள் அடியில் ஒட்டியிருந்தால் நீரில் ஆக்சிஜன் போதிய அளவில் உள்ளது எனலாம். செந்நிறப் புழுக்கள் மட்டுமே மிகுந்திருந்தால் கழிவு கலப்பதாக ஐயுறலாம். பார்த்தபின் கல்லை இருந்தபடியே வைத்துவிட வேண்டும்.

எந்தப் பாடத்தைத் தேர்ந்தாலும், களத்தில் வரப்போ தடுப்போ அமைப்பதற்கு முன்பே மழையளவு, கிணற்று நீர்மட்டம், ஒரே இடத்தில் நின்று எடுத்த ஒளிப்படம் ஆகியவற்றைப் பதியத் தொடங்கிவிடுங்கள். ஒரு நல்ல மழையாண்டில் உயர்ந்த நீர்மட்டத்தைத் தடுப்பணையின் பயன் என்று எண்ணிவிடாமல் இருக்க, முந்தைய ஆண்டுகளின் பதிவு கையில் இருக்க வேண்டும்.