வாசகர் கேள்வி பதில்: கணக்குக் கேட்டால் மரியாதைக் குறைவா?

கேள்வி: எங்கள் வாசிகசாலையின் வட்ஸ்அப் குழுவில், "கூரை திருத்தச் சேர்த்த காசின் கணக்கை எப்ப வைப்பீங்கள், பொருளாளர் அண்ணை?" என்று கேட்டேன். "பெரியாக்களோட மரியாதையாய்க் கதையும்" என்று எழுதிவிட்டு அட்மின் என் பதிவை அழித்துவிட்டார். என்னைக் "குழப்பக்காரி" என்று ஒருவர் எழுதியது மட்டும் அப்படியே கிடக்கிறது. நான் என்ன செய்யலாம்?
— வாசகி, சுன்னாகம்

பதில்: உங்கள் கேள்வியில் வசைச்சொல் இல்லை, "சுருட்டினார்" என்ற பழியும் இல்லை. அண்ணை என்றுதான் கேட்டிருக்கிறீர்கள். அதை அழித்துவிட்டு "குழப்பக்காரி"யை விட்டுவைத்தது அப்பட்டமான ஓரவஞ்சனை. 1876இல் அமெரிக்க இராணுவ அதிகாரி ஹென்றி மார்ட்டின் ரொபேர்ட் வகுத்த கூட்ட விதிகளிலேயே இந்த எல்லை தெளிவாக இருக்கிறது: ஒருவரின் உள்நோக்கத்தைப் பழிக்கக் கூடாது, முன்வைத்த விஷயத்தை எவ்வளவு கடுமையாகவும் கண்டிக்கலாம். கூட்டத் தலைவரின் தீர்ப்புப் பிழை என்று ஓர் உறுப்பினர் எழுந்து, இன்னொருவர் வழிமொழிந்தால், சபைதான் முடிவு சொல்லும். வட்ஸ்அப்பில் அந்த வழி இல்லை. அட்மின் அழித்தால் அழித்ததுதான்.

முதலில் குழு உரையாடலை ஏற்றுமதி (Export chat) செய்து வையுங்கள். படங்கள் இல்லாமல் எடுத்தால் கூடுதலான பதிவுகள் வரும். மறையும் செய்திகள் 24 மணிநேரத்துக்கு வைக்கப்பட்டிருந்தால் அன்றைக்கே எடுக்க வேண்டும். அழிக்கப்பட்ட உங்கள் கேள்வி அதில் இராது. திகதியோடு தனியாக எழுதி வையுங்கள்.

பிறகு அட்மினுக்குத் தனியாக: "எந்தச் சொல் பிழை? சொன்னால் மாற்றிப் போடுகிறேன்." குழுவுக்குள் இதை வாதாட வேண்டாம். அங்கே தொடங்கினால் கணக்கு மறந்துபோய் உங்கள் குணம்தான் பேச்சாகும். பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

மறுபடி கேட்கும்போது ஆளின் பெயரே வேண்டாம்: "கூரை வேலைக்குச் சேர்ந்த தொகை, செலவு, மீதி, பற்றுச்சீட்டுகள் ஆகியவற்றைப் பொதுக்கூட்டத்துக்கு முன் தரவும்." அதையும் அழித்தால், செயலாளருக்கு இரண்டு பிரதியில் கடிதம் கொடுத்து, ஒன்றில் 'கிடைத்தது' என்று கையெழுத்து வாங்குங்கள். கூட்ட நிகழ்ச்சி நிரலில் சேர்க்கச் சொல்லுங்கள். வாசிகசாலையின் யாப்பின், அதாவது அதன் விதிக்கோவையின், பிரதியையும் கேளுங்கள். கணக்கு எப்போது வைக்க வேண்டும் என்பதை அதில் பாருங்கள்.

கேள்வி: நானும் ஒரு அட்மின்தான். விதியே இல்லாவிட்டால் குழு சந்தையாகிவிடுமே?
— வாசகர், கொக்குவில்

பதில்: விதி வேண்டும்தான். ஆனால் "மரியாதை" என்று மொட்டையாக எழுதினால் அட்மினுக்குப் பிடிக்காத எதுவும் அதற்குள் விழும். குழு விவரத்தில் விரித்து எழுதுங்கள்: தூஷணம், சாதியை இழுத்தல், உடலையோ குடும்பத்தையோ பழித்தல், ஆதாரமில்லாமல் கள்ளன் என்றல். இவற்றுக்கு அழிக்கலாம். அதற்கு முன் ஒரு பிரதி எடுத்து, எழுதியவருக்குக் காரணம் சொல்லித் திருத்திப் போடச் சொல்லுங்கள். கெட்ட வார்த்தையோடு வந்தாலும், உள்ளே நியாயமான கேள்வி இருந்தால் அதற்குப் பதில் வேண்டும்.

நிர்வாகத்தில் இருக்கும் அட்மின், நிர்வாகத்தைப் பற்றிய பதிவில் கைவைக்கவே கூடாது. மூன்று அட்மின்கள் இருந்தால், ஒருவராவது நிர்வாகத்துக்கு வெளியே உள்ளவராக இருக்கட்டும். "அட்மின் மட்டும் எழுதலாம்" என்ற பூட்டை மரண அறிவித்தல் போட்ட இரவில் போடலாம். கணக்குக் கேட்ட இரவில் போடாதீர்கள்.