பம்ப் வாங்கும் முன் ஒரு டியூப் வாங்குங்கள்

கேள்வி: ஏற்காட்டில் தரைத்தளத்துக்கு மேல் இரண்டு மாடி கொண்ட சிறிய விடுதி நடத்துகிறோம். மொட்டைமாடியில் தண்ணீர் டேங்க், பக்கத்திலேயே சோலார் ஹீட்டர். மேல்மாடி அறைகளில் ஷவர் வேகமே இல்லை, வெந்நீரும் வெதுவெதுப்பாகத்தான் வருகிறது. பிளம்பர் பிரஷர் பம்ப் போடச் சொல்கிறார். சேலத்தில் 10 கிலோ வரை அழுத்தம் காட்டும் கேஜ் ஒன்று வாங்கி மாட்டிப் பார்த்தோம், முள் அசைந்ததா என்றே தெரியவில்லை. மலை உயரம் காரணமா?

பதில்: மலை மேல் பழி வேண்டாம். சாதாரண கேஜ், வெளிக்காற்றின் அழுத்தத்தைவிட பைப்புக்குள் எவ்வளவு கூடுதல் என்பதை மட்டுமே காட்டும். சேலத்தில் பூஜ்ஜியம் என்றால் ஏற்காட்டிலும் பூஜ்ஜியம்தான். (கிளிசரின் நிரப்பி இறுக மூடிய கேஜ் மட்டும் மேலே வந்ததும் கொஞ்சம் கூட்டிக் காட்டும். அதன் ரப்பர் மூடியை ஒருமுறை திறந்துவிட்டால் சரியாகிவிடும்.)

உங்கள் சிக்கல் வேறு. 10 மீட்டர் உயரத் தண்ணீர் நின்றால்தான் சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ அழுத்தம். உங்கள் மேல்மாடி ஷவருக்கும் டேங்க் நீர்மட்டத்துக்கும் இடையே 2 மீட்டர் இருந்தாலே அதிகம். அதாவது 0.2 கிலோ. கடையில் கிடைக்கும் சாதாரண 10 கிலோ கேஜில் முழு அளவில் இரண்டரை சதவீதம் பிழை சகஜம், அதுவே 0.25 கிலோ! நெல்மூட்டை நிறுக்கும் தராசில் தங்கத்தை நிறுத்தது போலாகிவிட்டது. அளக்கப்போகும் அழுத்தம் கேஜின் நடுப்பகுதியில் விழ வேண்டும். பம்ப் லைனுக்கு 10 கிலோ கேஜ் சரி, இதற்கு ஆகாது.

இதற்குக் கேஜே வேண்டாம். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும், உள்ளே தண்ணீர் தெரியும் பிளாஸ்டிக் டியூப் நாலைந்து மீட்டர் வாங்குங்கள். ஷவர் தலையைக் கழற்றி, அந்த இடத்தில் டியூபைக் கிளிப் போட்டு இறுக்கி, மறுமுனையை ஜன்னல் வழியாக மொட்டைமாடிக்குத் தூக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். முதலில் குளிர்நீர் வால்வை மட்டும் திறங்கள். மற்ற குழாய்கள் எல்லாம் மூடியிருந்தால் டியூபில் தண்ணீர் டேங்க் மட்டத்துக்கே ஏறி நிற்கும். இப்போது அதே குளியலறையில் பக்கெட் குழாயைத் திறந்துவிட்டு டியூபைக் கவனியுங்கள். மட்டம் ஒரு சாண் இறங்கினால் கவலையில்லை. ஒன்றரை மீட்டர் சரிந்தால், இருந்த கொஞ்ச அழுத்தத்தையும் வழியிலேயே பைப் தின்றுவிடுகிறது என்று அர்த்தம். உப்பு படிந்த பழைய ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப், பாதி திறந்த கேட் வால்வு, அரை இன்ச்சில் இழுத்த நீண்ட லைன், இவற்றில் ஏதோ ஒன்று. மூடியிருக்கும்போதும் ஓடும்போதும் எடுத்த இரண்டு அளவுகளுக்கு இடையே உள்ள வித்தியாசம்தான் நோயைச் சொல்லும். ஒற்றை அளவு ஒன்றும் சொல்லாது.

அடுத்து வெந்நீர் வால்வை மட்டும் திறந்து அதையே செய்யுங்கள். எல்லாம் மூடியிருக்கும்போதே மட்டம் ஏறாமல் பாதியில் நின்றால், லைன் எங்கோ மேலேறி இறங்குகிறது, அந்த மேட்டில் காற்று அடைத்திருக்கிறது. பம்ப் வேண்டியதில்லை, அந்த மேட்டில் காற்று வெளியேற ஒரு ஏர் வென்ட் போதும்.

சரி, சூடு. தெர்மாமீட்டரை முதலில் சோதியுங்கள்: ஐஸ் தண்ணீரில் 0 காட்ட வேண்டும். கொதிநீரில் 100 காட்டவில்லையே என்று தூக்கி எறியாதீர்கள். ஏற்காடு 1,500 மீட்டர் உயரம், அங்கே தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். (இதற்கு மட்டும் மலை காரணம்தான்.) துப்பாக்கி மாதிரியான இன்ஃப்ராரெட் கருவியைப் பளபளக்கும் பைப்பில் காட்டினால் பொய் சொல்லும். நானே ஒருமுறை கைவைக்க முடியாத ஸ்டீல் பைப்பில் 34 டிகிரி பார்த்துக் குழம்பினேன். கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி அதன்மேல் காட்டியதும் 57 வந்தது.

சோலார் டேங்க் வெளியே வரும் இடத்தில் ஒரு அளவு, ஷவரில் ஒரு அளவு எடுங்கள். முக்கால் இன்ச் பைப்பில் மீட்டருக்குச் சுமார் 300 மில்லி நிற்கும். 15 மீட்டர் லைன் என்றால் நாலரை லிட்டர் ஆறிய தண்ணீர் வெளியே போன பிறகுதான் படிக்க வேண்டும். அதன் பிறகும் பெரிய வித்தியாசம் இருந்தால், குளிர்நீர் வால்வை முழுசாக மூடிப் பாருங்கள். சூடு சட்டென ஏறினால், மிக்சர் (வெந்நீரும் குளிர்நீரும் கலக்கும் குழாய்) வழியாகக் குளிர்நீர் வெந்நீரை அமுக்குகிறது. ஏறவில்லையென்றால் மொட்டைமாடிப் பைப்புக்கு உறை போடுங்கள், மார்கழிக் காற்றில் வெறும் பைப் தாங்காது.

இத்தனைக்குப் பிறகும் லைனில் குறையே இல்லை, உயரம்தான் போதவில்லை என்றால் அப்போது பம்ப். ஆனால் குளிர்நீர் லைனுக்கு மட்டும் போட்டுவிடாதீர்கள். அந்த வேகத்தில் குளிர்நீர் மிக்சருக்குள் நுழைந்து வெந்நீரைச் சோலார் டேங்க் பக்கம் தள்ளி, வென்ட் பைப் வழியாகக் கூரையில் கொட்டும். வெந்நீருக்கும் தனி பம்ப் வேண்டும், அதுவும் சோலார் டேங்குக்கு வெளியே வந்த பிறகு, சூடு தாங்கும் ரகமாக. பொருத்தும்போதே இரண்டு லைனிலும் ஒரு ‘T’ இணைப்பும், திறந்து மூடச் சின்ன பால் வால்வும் (ball valve) போட்டுவிடச் சொல்லுங்கள். அடுத்த முறை ஷவரைக் கழற்றாமலே டியூபை மாட்டலாம்.